துண்டுத்துணிப் போர்வை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் கட்டிலில் கிடக்கும் போர்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கே வாங்கினீங்க?" என்பார்கள். வீட்டில் கிடந்த துணியில் நானே தைத்தது என்றதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். பத்து பேர் கேட்டால் எட்டு பேருக்கு ஒரே சந்தேகம். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். முதல் சில கேள்விகளைப் படித்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

"ஒட்டுப் போட்டுத் தைச்சா போர்வை ஆயிடுமா? பெட்ஷீட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது பாதி வேலைதான். அப்படிச் சேர்த்ததை மேல்துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே கதகதப்புக்கு ஒரு நடுத்துணி. அதற்கும் கீழே உடம்பில் படும் அடித்துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்தபடி ஒரு தையல் போர்வை முழுக்க ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே நடுத்துணி ஒரு மூலைக்குச் சுருண்டு போகும்.

வங்காளத்தின் காந்தா, மகாராஷ்டிரத்தின் கோதடி, பீகாரின் சுஜனி எல்லாமே பழைய சேலை, வேட்டிகளை அடுக்கி நூலோட்டியவைதான். வங்கத்துப் பெண்கள் சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே காந்தா தைத்திருக்கிறார்கள். போர்வைக்கென்று துணி வாங்கும் பழக்கம் பின்னால் வந்தது. இருக்கிற துணி என்ன போர்வை கேட்கிறது என்று பார்ப்பதுதான் மூத்த முறை, என் முறையும் அதுதான்.

"ஒரு மூட்டை துணி சேர்த்து வச்சிருக்கேன். எந்தக் கலரோட எந்தக் கலரைச் சேர்க்கிறது?"

நிறத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் கனத்தைப் பாருங்கள். மூட்டையைக் கூடத்தில் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவியே மூன்று குவியலாகப் பிரியுங்கள். வாயில், மல் போன்ற மெல்லிய துணி ஒரு குவியல். சட்டைத் துணி, பாப்ளின், டூ பை டூ, சுடிதார் காட்டன், லுங்கி எல்லாம் இரண்டாவது குவியல். ஜீன்ஸ், பேன்ட், திரைச்சீலை மூன்றாவது. ஒரு போர்வைக்கு ஒரே குவியலிலிருந்து மட்டும் எடுங்கள். ஜீன்ஸ் துண்டுக்குப் பக்கத்தில் வாயில் துண்டை வைத்துத் தைத்தால், துவைக்கும்போது ஈரத்தில் கனத்த ஜீன்ஸ் இழுக்க, வாயில் தையலோரமாகவே கிழியும். நான் தைத்த முதல் போர்வை அப்படித்தான் ஆறு மாதத்தில் போனது. நிறப் பொருத்தம் அற்புதமாக இருந்தது!

அடுத்தது தெம்பு. ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிறகு இரண்டு கட்டை விரலாலும் நெருக்கிப் பிடித்து இழுங்கள். நூல் விலகினாலோ 'சர்' என்று சத்தம் வந்தாலோ அது மேல்துணிக்கு ஆகாது. சேலையில் இடுப்பில் செருகும் இடமும் குதிகால் உரசும் ஓரமும் முதலில் நையும், முந்தானை பெரும்பாலும் தெம்பாகவே இருக்கும். சட்டையில் காலரும் முழங்கையும் போனாலும் முதுகுத் துணி நன்றாக இருக்கும். நைந்ததைத் தூக்கிப் போட வேண்டாம். நடுத்துணியில் அதற்கு இடம் உண்டு.

நிறத்துக்கு என் ஒரே யோசனை: வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று பிரித்து, அடர்ந்த துண்டுக்குப் பக்கத்தில் வெளிர் வருமாறு தரையில் பரப்பிப் பாருங்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எது உறுத்துகிறது என்று உங்களுக்கே தெரியும்.

"நவராத்திரிக்கு வச்சுக் கொடுத்த ரவிக்கைத் துண்டே முப்பது நாற்பது இருக்கு. அதுல தைக்கலாமா?"

தாராளமாக. ஆனால் தாம்பூலத்தோடு கைமாறி வரும் துண்டுகளில் பாலியஸ்டர் கலந்தவை நிறைய. ஒரு நூலை உருவி, கிடுக்கியால் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். பட்டு முடி கருகும் வாசனை தரும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியில் சாம்பலும் இருக்கும், மணியும் இருக்கும்.

தேறிய துண்டுகளை அப்படியே வெட்டிவிடாதீர்கள். கோடித்துணி நிச்சயம் சுருங்கும். ஒரு இரவு ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரிக்கோல். பழைய துணிக்கு இந்த வேலையே இல்லை. பல வருடம் துவைத்துத் துவைத்து அது சுருங்கி முடிந்திருக்கும்.

"ஒத்தைக் கட்டில் போர்வைக்கு எத்தனை துண்டு வேணும்?"

5 இஞ்ச் சதுரமாக வெட்டினால், நான்கு பக்கமும் தையலுக்குக் கால் இஞ்ச் போக 4½ இஞ்ச் தெரியும். அகலத்துக்கு 13, நீளத்துக்கு 20 வைத்தால் 260 துண்டு. போர்வை 58½ இஞ்சுக்கு 90 இஞ்ச் வரும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் 6½ இஞ்சாக வெட்டுங்கள். 10-க்கு 15, ஆக 150 துண்டில் 60-க்கு 90 வந்துவிடும். முதல் போர்வைக்கு இதைத்தான் சொல்வேன்.

36 இஞ்ச் அகலமுள்ள 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துண்டு ஒன்றில் 5 இஞ்ச் சதுரம் 42 கிடைக்கும். அட்டையில் ஒரு அளவு வெட்டி வைத்துக்கொண்டு, சோப்புத் துண்டாலோ சாக்காலோ வரையுங்கள். அட்டையின் ஓரம் துணியின் பாவு (நீளவாக்கு) நூலுக்கோ ஊடை (குறுக்கு) நூலுக்கோ இணையாக இருக்கட்டும். கிராஸாக வெட்டிய துண்டு தைக்கும்போதே ரப்பர் மாதிரி நீளும்.

"எனக்கு மிஷின் தெரியாது அக்கா. கையாலேயே முடியுமா?"

முடியும். கையால் தைப்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அளவெடுத்து வெட்டுவது, மூலை சேர்ப்பது, ஓரப்பட்டி வைப்பது எதுவும் அதில் கிடையாது.

அடித்துணியாக ஒரு பழைய சேலையை விரித்து, அதன் ஓரத்தை உள்ளே மடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, அதன் ஓரத்தையும் மடித்து, அடித்துணியோடு சேர்த்தே ஓட்டுத்தையல் (ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போகும் நேர்த்தையல்) போட வேண்டும். அடுத்த துண்டு அதன் மேல் கொஞ்சம் ஏறி உட்காரும். இப்படி ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, கோலத்தில் புள்ளியைச் சுற்றி வருவது போல உள்நோக்கி வந்தால், கடைசித் துண்டு நடுவில் விழும். துண்டு சேர்ப்பதும் அடுக்குகளை இணைப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடும். நான்கு மூலையிலும் மடித்த சிறு துணி முக்கோணங்களை வைத்துத் தைப்பார்கள். அதைப் பூ என்பார்கள். அது இல்லாமல் போர்வையை முடிந்ததாக நினைப்பதில்லை.

சில கைப்பக்குவங்கள் மட்டும்: நூல் ஒன்றரை முழத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒரு விரல் இடைவெளி போதும். முடிச்சு வெளியே தெரியாமலிருக்க, ஊசியைக் குத்தி நூலை லேசாகச் சுண்டினால் முடிச்சு உள்ளே போய்விடும். மிஷின் தெரிந்தவர்களுக்கும் முதல் போர்வை இப்படித் தைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். துணியின் குணம் கையில்தான் தெரியும்.

"நடுவுல பஞ்சு வைக்கணுமா? கடையில ரோல் ரோலா விக்கிறாங்களே?"

நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மதுரையிலோ திருச்சியிலோ இருந்துகொண்டு பாலியஸ்டர் பஞ்சு விரிப்பை உள்ளே வைத்தால், அந்தப் போர்வை மடித்த மடிப்பு கலையாமல் பீரோவில்தான் கிடக்கும். அது வியர்வையை உறிஞ்சாது. சமவெளிக்கு ஒரு பழைய பருத்திச் சேலையோ எட்டு முழ வேட்டியோ போதும். மார்கழிக்கு இரண்டு அடுக்கு. ஊட்டி, கொடைக்கானல் என்றால் பழைய கம்பளியை உள்ளே வைக்கலாம், பஞ்சு விரிப்பும் பொருந்தும்.

இலவம்பஞ்சு தலையணைக்கு. போர்வைக்குள் வைத்துத் துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும். மேலே ஒதுக்கிவைத்த நைந்த துணிகளை இங்கே பயன்படுத்துங்கள். அவற்றைச் சேர்க்கும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. விளிம்போடு விளிம்பு தொட வைத்து, தளர்வாகக் கைத்தையல் போட்டால் படுக்கும்போது மேடு தட்டாது.

"திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்குதே, வாங்கலாமா?"

மிதியடிக்கு வாங்குங்கள். பனியன் துணி பின்னல் துணி, எல்லாப் பக்கமும் இழுபடும். நெய்த துணியோடு சேர்த்தால் தையல் நெளியும். கரூர்ப் பக்கம் பெட்ஷீட், திரைச்சீலை தைக்கும் இடங்களில் வெட்டித் தள்ளும் துண்டு கிடைத்தால் அது நல்லது. நெய்த பருத்தி, பெரும்பாலும் ஒரே கனம்.

"அளவா வெட்டித்தான் தைச்சேன். ஆனா மூலைக்கு மூலை சேரவே மாட்டேங்குது."

வெட்டியதில் தப்பு இருக்காது, தையலுக்கு விட்டதில்தான். தையல்காரர் கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல். அதில் அரை நூல் கூடினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு தையலில் இரண்டு பக்கத் துண்டிலும் அரை அரையாக ஒரு நூல் போகும். 13 துண்டு உள்ள வரிசையில் 12 தையல். அதாவது 12 நூல், ஒன்றரை இஞ்ச் காணாமல் போய்விடும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்?

மிஷினில் ஊசி இறங்கும் இடத்திலிருந்து இரண்டு நூல் அளந்து, தகட்டில் பிளாஸ்திரித் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். துணியின் ஓரம் அதை உரசியபடி போகட்டும். பிறகு மூன்று 5 இஞ்ச் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, நடுத்துண்டை அளந்து பாருங்கள். மிகச் சரியாக 4½ இஞ்ச் இருக்க வேண்டும். அது வரும்வரை பிளாஸ்திரியை நகர்த்துங்கள். 260 துண்டு தைப்பதற்கு முன் இந்தப் பத்து நிமிடம் அவசியம்.

இன்னொன்று, இஸ்திரி. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கம் சாய்த்தால், இரண்டாவது வரிசையில் இடப்பக்கம். இரண்டு வரிசையையும் முகத்தோடு முகம் வைக்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று கொக்கி போட்ட மாதிரி பொருந்தும். மூலை தானாகச் சேரும்.

"மேல்துணி நல்லா வந்துச்சு. மூணையும் சேர்த்து மிஷின்ல ஓட்டினா அடித்துணி சுருங்கி மடிஞ்சுடுது."

அடித்துணி மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் 2 இஞ்ச் கூடுதலாக இருக்கட்டும். ஒரு 5½ மீட்டர் சேலையை 96 இஞ்ச் நீளத்தில் இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஒற்றைக் கட்டிலுக்குத் தாராளம். அதைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, விறைப்பாக இழுத்து, ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் மேல் நடுத்துணி, அதன் மேல் மேல்துணி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி. ஊக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு போர்வைக்கு நூற்றுக்கணக்கில் எனக்கு ஆகிறது. தைப்பதும் நடுவிலிருந்து வெளியே. ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் மிச்சத் துணியெல்லாம் நடுவில் வந்து மேடு கட்டும்.

மிஷினில் இரண்டு மாற்றங்கள். தையல் நீளத்தை 3 அல்லது 3½-க்குக் கூட்டுங்கள், 16-ம் நம்பர் ஊசி போடுங்கள். பழைய கறுப்பு மிதி மிஷின் என்றால், பாதத்துக்கு மேலே உச்சியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பாதம் துணியை அழுத்துவது குறைந்தால் மேல்துணி தள்ளிக்கொண்டு போவதும் குறையும். இவ்வளவு செய்தும் வரவில்லையென்றால் மிஷினை விட்டுவிடுங்கள். நான்கு இஞ்சுக்கு ஒன்றாகத் தடித்த நூலால் மூன்று அடுக்கையும் குத்தி எடுத்து, இரட்டை முடிச்சுப் போட்டால் போதும். அதுவும் முறையான போர்வைதான்.

"ஓரத்தை எப்படி முடிக்கிறது?"

2½ இஞ்ச் அகலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, முகப்பில் மிஷின் தையல், திருப்பிப் பின்பக்கம் எம்மிங். மேலே சொன்ன 58½-க்கு 90 போர்வையின் சுற்றளவு 297 இஞ்ச். இணைப்புக்கும் மூலைக்கும் சேர்த்து 310 இஞ்ச் பட்டி தயார் செய்யுங்கள். அடித்துணி வெட்டியதில் மிஞ்சிய சேலையிலேயே கிடைத்துவிடும். கவந்தி முறையில் தைத்தவர்களுக்கு இந்த வேலை கிடையாது.

"ஒரே ஒரு தடவை துவைச்சேன். சிவப்பு வெள்ளையில இறங்கிடுச்சு. கல் உப்பு போட்டா சரியாகுமா?"

காயவிடாமல் இருந்தால் வாய்ப்பு உண்டு. நிறையத் தண்ணீரில், சோப்பு சேர்த்து ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் தெளியும்வரை காயவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். உப்பும் வினிகரும் சாயத்தைக் கட்டும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஏற்கனவே சாயம் ஏற்றிய கடைத் துணியில் அது நடப்பதில்லை. ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை அலசி வெளியேற்றுவது ஒன்றுதான் வழி.

அடுத்த முறை வெட்டுவதற்கு முன்பே ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொன்றையும் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு, அரக்கு, கருநீலம், புதுச் சுங்குடி, இவற்றை நான் சோதிக்காமல் தொடுவதில்லை. மூன்று அலசலுக்குப் பிறகும் சாயம் விடும் துணிக்கு வெள்ளைக்குப் பக்கத்தில் இடம் கொடுக்காதீர்கள்.

"பாட்டியோட பட்டுச்சேலை மடிப்புல இத்துப் போச்சு. போர்வையில சேர்த்துடவா?"

வேண்டாம். மடிப்பில் இற்ற பட்டு, மற்ற இடத்திலும் இறும் நிலையில்தான் இருக்கும். ஜரிகை உடம்பில் உறுத்தும். பருத்தியைத் துவைப்பது போல அதைத் துவைக்கவும் முடியாது. கரையையும் முந்தானையையும் மட்டும் எடுத்து, பின்னால் தையல்காரர்கள் காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸை மிதமான சூட்டில் ஒட்டி, சுவரில் மாட்டும்படி தைத்துக்கொள்ளுங்கள். கனத்தைப் பார்த்துப் பிரிக்கச் சொன்னேனே, பட்டு நான்காவது குவியல்.

"பேரன் பிறக்கப் போறான். அவனுக்கு ஒண்ணு தைக்கணும்."

பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியிலும் சேலையிலும் சுற்றும் நம் வழக்கம் நல்ல வழக்கம். அதைவிட மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது. 36-க்கு 45 இஞ்ச் போதும். 5 இஞ்ச் துண்டு 80. பொத்தான், ஜமிக்கி, மணி எதுவும் வேண்டாம். மூன்று அடுக்கையும் முடிச்சுப் போட்டுக் கட்டும் முறை இதற்கு வேண்டாம், ஓட்டுத்தையலாகவே போடுங்கள். முடிச்சு நூல் விரலில் சுற்றும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தையின் மேல் எந்தப் போர்வையையும் போர்த்த வேண்டாம், முகத்தை மூடிவிடும். அதுவரை பகலில் கண்ணெதிரே குப்புற விழுந்து விளையாட விரிப்பாக இருக்கட்டும்.

"அம்மா தவறி எட்டு மாசம் ஆச்சு. அவங்க சேலையை வெட்டலாமா? வீட்டுல பெரியவங்க இறந்தவங்க துணியை வச்சுக்கக் கூடாதுன்னு சொல்றாங்க."

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். பெரியவர்கள் சொல்வதை மீறச் சொல்ல நான் யார்? ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், ஏழைக் கறுப்பினக் குடும்பத்துப் பெண்கள் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த துணிகளில் போர்வை தைத்து வந்தார்கள். மிசௌரி பெட்வே என்பவர் 1942-ல் கணவர் இறந்ததும், அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அதைப் போர்த்திக்கொண்டு படுக்கவும். அந்த ஊர்ப் போர்வைகள் 2002-லிருந்து பெரிய அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன, 2006-ல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தன. அவர் தைத்தது அதற்காக இல்லை.

எட்டு மாதம் சீக்கிரம் என்று தோன்றினால் காத்திருங்கள். துணி எங்கும் போகாது. வெட்டத் துணிந்தால், உங்களுக்கு மிகப் பிடித்த ஒரு சேலையை முழுசாக எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். வாசனை இருக்கட்டும் என்று துவைக்காமல் தைக்க ஆசை வரும். அப்படிச் செய்யாதீர்கள். வியர்வைக் கறை துணியை அரிக்கும். அந்த வாசனைக்காக அந்த ஒரு சேலை இருக்கிறதே. அண்ணன் தங்கை என்று பலர் இருந்தால், ஒவ்வொருவருக்கும் ஒரு தலையணை உறை அளவில் தைத்துக் கொடுங்கள். ஒரு பெரிய போர்வை யார் வீட்டில் இருப்பது என்ற மனத்தாங்கல் வராது.

"துணி நான் தர்றேன், கூலி எவ்வளவுன்னு தெரிஞ்சவங்க கேக்குறாங்க. என்ன சொல்றது?"

முதல் போர்வை தைக்கும்போது தினமும் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். உங்கள் ஊரில் தையல்காரர் ஒரு ரவிக்கைக்கு வாங்கும் கூலியையும் அதற்கு ஆகும் நேரத்தையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள். வரும் தொகை பெரியதாகத்தான் இருக்கும். அதைக் குறைக்காமல் சொல்லுங்கள். கேட்டவர் தயங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சும்மா தைத்துக் கொடுப்பது வேறு, பாதிக் கூலிக்குத் தைப்பது வேறு. முதலாவதை நான் மனசார நிறையச் செய்திருக்கிறேன். இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

"நாலு வருஷமா போர்த்திக்கிறோம். ஒரே ஒரு துண்டு மட்டும் கிழிஞ்சிருக்கு. பிரிச்சு மாத்தணுமா?"

பிரிக்க வேண்டாம். பிரித்தால் சுற்றியுள்ள நான்கு தையலும் தளரும். அதே கனத்தில், எல்லாப் பக்கமும் அரை இஞ்ச் பெரிதாக ஒரு துண்டு வெட்டி, ஓரத்தை மடித்து, கிழிந்ததன் மேலேயே வைத்து எம்மிங் செய்யுங்கள். பிறகு பழைய ஓட்டுத்தையல் போன வழியிலேயே மூன்று அடுக்கையும் சேர்த்து இரண்டு வரி ஓட்டுங்கள். புதுத் துணியானால் ஊறவைக்க மறக்காதீர்கள்.

என் வீட்டின் மூத்த போர்வையில் கழுத்துப் பக்கம் ஒரு கட்டம் அடிக்கடி போகும். எல்லோரும் அங்கேதான் பிடித்து இழுக்கிறோம். முதலில் அங்கே அப்பாவின் கோடு போட்ட சட்டை இருந்தது. அது நைந்ததும் மேலே அக்காவின் சுடிதார்த் துணி. போன ஆடியில் அதுவும் போக, இப்போது மகனின் பள்ளிச் சட்டை. அடியில் இருப்பவற்றை நான் வெட்டி எடுக்கவில்லை. அந்த இடத்தைத் தொட்டால் மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்கும்.